நடுவில் நின்ற ஃபிரெட்டி

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு முரளிக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை. நடக்கச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது.

உன் மின்னஞ்சலைப் படித்தேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் பாதியில் போட்டாலும் மேஜைமேல் கிடந்து உறுத்தும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலையில் பெரியவர்கள் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள், இருவருமே கெட்டிக்காரர்கள், நீ யார் பக்கம் என்று இருவருமே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா? 'பேட்டன்' படம் பார்த்துவிட்டு, தலைவன் என்றால் அந்த அமெரிக்கத் தளபதி மாதிரி இருக்கணும், பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி வெறும் பந்தா என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். காலமெல்லாம் கல்லூரியில் இரண்டாம் உலகப் போரைப் பாடம் நடத்தியவளிடம் இப்படி எழுதினால் சும்மா விடுவேனா?

முதலில் அந்தப் படம். 1970-ல் வந்தது. ஜார்ஜ் சி. ஸ்காட்டின் நடிப்புக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆஸ்கர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அந்தப் படத்துக்கு ராணுவ ஆலோசகராக இருந்தது யார் தெரியுமா? ஒமார் பிராட்லி. படத்தில் நிதானமான, நல்ல மனிதராக வருகிறாரே, அவரேதான். சிசிலியில் பேட்டனுக்குக் கீழே இருந்தவர், மறு வருஷம் பிரான்சில் பேட்டனுக்கே மேலதிகாரி ஆனவர். மாண்ட்கோமரி என்றால் அவருக்கு அறவே ஆகாது. அவர் எழுதிய போர் நினைவுகள் அந்தப் படத்தின் மூலங்களில் ஒன்று. ஆக, பங்காளிச் சண்டையில் ஒரு பங்காளி சொன்னதைத்தான் நீ ஏறக்குறைய மூன்று மணி நேரம் கேட்டிருக்கிறாய்.

மாண்ட்கோமரி பாண்டு வாத்தியத்தோடு சிசிலியின் மெசினா நகருக்குள் நுழைய, பேட்டன் முன்னாலேயே வந்து நின்று சிரிப்பாரே, அங்கே நீ கைதட்டியிருப்பாய். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடந்தது வேறு.

1943 ஜூலை 10-ஆம் தேதி சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. கிழக்கே மாண்ட்கோமரியின் பிரிட்டிஷ் எட்டாவது ராணுவம். அதற்கு இடப்பக்கம் பேட்டனின் அமெரிக்க ஏழாவது ராணுவம். முதலில் போட்ட திட்டப்படி பேட்டன் வடமேற்கில் பலெர்மோ பக்கம் இறங்கியிருக்க வேண்டும். படையை இப்படிப் பிரித்துப் போட்டால் ஒருவருக்கொருவர் கைகொடுக்க முடியாது என்று மாண்ட்கோமரி பிடிவாதம் பிடித்தார். அல்ஜியர்ஸ் தலைமையகத்தில், எல்லோருக்கும் மேலே இருந்த தளபதி ஐசன்ஹோவரின் வலது கையான பெடல் ஸ்மித்தைத் தேடிப் போனார். அவரோ கழிப்பறையில். மனிதர் விட்டாரா? அங்கேயே போய், கண்ணாடிமேல் வாயால் ஊதி, ஆவி படிந்த இடத்தில் விரலால் சிசிலியை வரைந்து, எங்கே இறங்க வேண்டும் என்று விளக்கிவிட்டுத்தான் வந்தார். திட்டம் மாறியது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் புதுத் திட்டத்தில் மெசினாவைப் பிடிக்கிற பெருமை பிரிட்டனுக்கு, அதன் பக்கவாட்டைக் காக்கிற வேலை அமெரிக்காவுக்கு என்றாகிவிட்டது.

இறங்கிய சில நாளில் இன்னொரு சங்கடம். விஸ்ஸினியிலிருந்து போகிற சாலை அமெரிக்கர்களுக்கு என்று இருந்தது. அதையும் மாண்ட்கோமரி தனக்குக் கேட்டார். இருவருக்கும் மேலே இருந்த அலெக்சாண்டர் கொடுத்துவிட்டார். அந்தச் சாலையை எட்டும் தூரத்தில் இருந்த பிராட்லியின் டிவிஷன் ஒன்று, வந்த வழியே கடற்கரைப் பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பேட்டன் வாய் திறந்து மறுக்கவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

சாலையை வாங்கியும் மாண்ட்கோமரியால் நகர முடியவில்லை. கட்டானியாவுக்கு முன்னால், எட்னா எரிமலைப் பக்கம், ஜெர்மானியர் தடுத்து நிறுத்திவிட்டார்கள். பேட்டன் ஜூலை 22-ல் பலெர்மோவைப் பிடித்தார். மூன்று நாள் கழித்து இருவரும் சிரக்கூஸ் விமானத் தளத்தில் சந்தித்தார்கள். அங்கே ஒரு காரின் பானெட்டில் வரைபடத்தை விரித்து, மெசினாவை நீங்களே பிடியுங்கள் என்று பேட்டனிடம் சொன்னவர் மாண்ட்கோமரி! பேட்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. இதில் என்ன சூது இருக்கிறதோ என்றுதான் யோசித்தார். எதிராளி விட்டுக்கொடுத்த பிறகும் ஓடிய பந்தயம் முரளி அது.

அந்தப் பந்தயத்துக்குக் கூலி கொடுத்தது யார்? ஆகஸ்டு 11-ல் பிரோலோ என்ற கடற்கரை ஊரில், ஜெர்மானியருக்குப் பின்பக்கமாக ஒரு பட்டாலியனை இறக்கினார் பேட்டன். தரைவழியாக வரும் படை இன்னும் கிட்டே வரவில்லை, ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று டிவிஷன் தளபதி டிரஸ்காட் மன்றாடினார். பேட்டன் நேரில் போய்ச் சத்தம் போட்டு நடத்தவைத்தார். இறங்கியவர்களில் 170-க்கு மேற்பட்டவர்கள் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். ஆகஸ்டு 17 காலை அமெரிக்கப் படை மெசினாவுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் படை சற்றுப் பிந்தி வந்தது. பேட்டன் ஜெயித்தார்.

ஆனால் மெசினாவை எதற்காகப் பிடிக்க வேண்டும்? தீவிலிருந்து எதிரி தப்பிப் போகாமல் வாசலை அடைப்பதற்கு. பேட்டன் நுழைந்தபோது வாசலில் ஆளே இல்லை. ஏறத்தாழ 40,000 ஜெர்மன் வீரர்களும் சுமார் 10,000 வாகனங்களும், அதைவிட அதிகமான இத்தாலிய வீரர்களும் ஜலசந்தியைத் தாண்டி இத்தாலிக்குப் போய்விட்டார்கள். அதே ஜெர்மன் டிவிஷன்கள் மறு மாதம் சலெர்னோவில் நேச நாட்டுப் படைகளைப் போட்டு வாட்டின. இது பேட்டன் ஒருவருடைய குற்றமில்லை. கப்பற்படை, விமானப்படை, அலெக்சாண்டர், மாண்ட்கோமரி என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் யார் முதலில் என்ற கேள்வி வந்ததும், எதற்காக என்ற கேள்வி காணாமல் போய்விட்டது.

அதே ஆகஸ்டில்தான் பேட்டன் ராணுவ மருத்துவமனைகளில் மன அதிர்ச்சியோடு கிடந்த இரண்டு வீரர்களைக் கோழை என்று திட்டி அறைந்தார். ஒருவனுக்கு மலேரியாக் காய்ச்சல் என்பது பின்னால் தெரிந்தது. மெசினா விழுந்த அதே ஆகஸ்டு 17-ல் ஐசன்ஹோவர் பேட்டனுக்கு மிகக் கடுமையான ஒரு கடிதம் எழுதினார். அறை வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. பேட்டனைப் போலத் துரத்தி அடிக்கத் தெரிந்தவர் தன்னிடம் வேறு யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் போர்முனைப் படை எதுவும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு அதையும் வீணாக்கவில்லை. இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு பொய்ப் படையை உண்டாக்கி, ரப்பர் டாங்கிகளை ஊதி நிறுத்தி, அதற்கு பேட்டன்தான் தளபதி என்று ஜெர்மானியரை நம்பவைத்தார்கள். பேட்டன் இல்லாமலா படையெடுப்பு என்று அவர்கள் பாஸ்-த-கலே பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, படைகள் நார்மண்டியில் இறங்கின.

சரி, உன் பந்தாக்காரரைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டுமே. மாண்ட்கோமரி 1914-ல் நெஞ்சில் குண்டு பட்டு, பிழைக்கமாட்டார் என்று குழி வெட்டி வைக்கப்பட்டவர். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டிய விதத்தைப் பார்த்தவர். ஆயத்தம் முடியாமல் ஒரு சிப்பாயைக்கூட முன்னால் அனுப்ப மாட்டார். 1942-ல் தோற்றுத் துவண்டிருந்த எட்டாவது ராணுவத்தை அலமெய்னில் ஜெயிக்கவைத்தது அந்தக் குணம்தான். வாய்தான் அவருக்குச் சனி. அதே 1942-ல் இங்கிலாந்தில் அவர் அதிகாரிகளுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது சிகரெட் வாடை வந்தது. யார் புகைப்பது என்று அதட்டினார். அணைத்தவர் ஐசன்ஹோவர். அடுத்த வருஷமே அந்த மனிதர் மாண்ட்கோமரிக்கு மேலதிகாரி!

மேலதிகாரி ஆன பிறகும் மாண்ட்கோமரி அதட்டுவதை நிறுத்தவில்லை. 1944 செப்டம்பர் 10 அன்று பிரஸ்ஸல்ஸ் விமானத் தளத்தில், முழங்கால் வலியால் இறங்க முடியாமல் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஐசன்ஹோவரிடம் தந்திகளை நீட்டிப் பொரிந்து தள்ளினார். ஐசன்ஹோவர் சத்தம் போடவில்லை. மாண்ட்கோமரியின் முழங்கால்மேல் கைவைத்து, இப்படி என்னிடம் பேசக் கூடாது, நான் உங்கள் மேலதிகாரி என்று நினைவூட்டினார். மாண்ட்கோமரி மன்னிப்புக் கேட்டார். ஆனால் கேட்டுவந்ததை வாங்கிக்கொண்டுதான் போனார். அதுதான் நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் பாலத்துக்குப் பாராசூட் படையை அனுப்பிய திட்டம். ஆர்ன்ஹெமில் இறங்கியவர்கள் சுமார் 10,000 பேர். ஆற்றைத் தாண்டித் திரும்பியவர்கள் 2,000 சொச்சம். கவனம் அந்தப் பக்கம் போனதில், செப்டம்பர் 4-லேயே கைக்கு வந்திருந்த ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கடல்வழி திறக்காமல், முதல் சரக்குக் கப்பல் அணி நவம்பர் 28-ல்தான் உள்ளே வந்தது. அனுமதி கொடுத்த ஐசன்ஹோவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. தன்மையாகப் பேசுகிறவர் தப்பே செய்யமாட்டார் என்று எண்ணாதே.

இனிதான் நான் சொல்ல வந்த ஆள் வருகிறார். பெயர் ஃபிரெட்டி டி கிங்காண்ட். படத்தில் ஓரமாக வந்து போகிறார், நீ கவனித்திருக்க மாட்டாய். மாண்ட்கோமரியின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப், அதாவது தலைமையகத்து வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர். அலமெய்னிலிருந்து கூடவே இருந்தவர். எல்லோரோடும் பழகத் தெரிந்தவர், அடிக்கடி நோயில் விழுகிறவர். மாண்ட்கோமரி மாநாடுகளுக்குப் போகமாட்டார், இவரைத்தான் அனுப்புவார். அமெரிக்கர்களுக்கு மாண்ட்கோமரியைக் கண்டால் ஆகாது. ஃபிரெட்டியைக் கண்டால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

1944 டிசம்பர் 16-ல் ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் யாரும் எதிர்பாராமல் பாய்ந்தார்கள். 19-ஆம் தேதி வெர்டனில் கூட்டம். எத்தனை நாளில் வடக்கே திரும்பித் தாக்க முடியும் என்று பேட்டனைக் கேட்டார்கள். 22-ஆம் தேதி, மூன்று டிவிஷன்களோடு என்றார். பெருமையடிக்கிறார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் புறப்படும்போதே மாற்றுத் திட்டங்களை எழுதிவைத்துவிட்டு, எந்தச் சங்கேதச் சொல்லுக்கு எந்தத் திட்டம் என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் போனில் ஒரு சொல். இப்போது அவரிடம் இருந்த மூன்றாவது ராணுவம் பனியில் திரும்பியது. 26-ஆம் தேதி பாஸ்டோன் முற்றுகை உடைந்தது. பேட்டனை மெச்ச வேண்டுமென்றால் இதற்கு மெச்சு. அவர் இடுப்பில் தொங்கிய துப்பாக்கிக்கும் வசவுக்கும் பின்னால் இவ்வளவு வீட்டுப்பாடம் இருந்தது.

இதற்கிடையில் ஜெர்மானியர் புகுந்த இடத்துக்கு வடக்கே இருந்த இரண்டு அமெரிக்க ராணுவங்களை ஐசன்ஹோவர் தற்காலிகமாக மாண்ட்கோமரியிடம் ஒப்படைத்தார். பிராட்லி கொதித்தார். மாண்ட்கோமரி அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு, தரைப்போர் முழுவதையும் ஒரே கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் தோற்போம் என்று ஐசன்ஹோவருக்கு எழுதினார். அந்தக் கை யாருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஐசன்ஹோவருக்குப் பொறுமை தீர்ந்தது. எங்கள் இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்ற பொருளில் வாஷிங்டனுக்குத் தந்தி தயாரானது. போய்ச் சேர்ந்தால் போகிறவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. படைகளில் பெரும்பான்மை அமெரிக்கர்கள். சர்ச்சிலே நினைத்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

விஷயம் முற்றுவதை மோப்பம் பிடித்த ஃபிரெட்டி, மோசமான வானிலையில் விமானம் ஏறி, டிசம்பர் 30 அன்று வெர்சாய் போய்ச் சேர்ந்தார். தந்தியின் வரைவு மேஜைமேல் இருந்தது. அவர் மாண்ட்கோமரிக்காக வாதாடவில்லை. நிலைமை இவ்வளவு முற்றியது அவருக்குத் தெரியாது, எனக்கு 24 மணி நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். பெடல் ஸ்மித்தும் கூடச் சேர்ந்து சொன்னார். ஐசன்ஹோவர் தந்தியை நிறுத்திவைத்தார்.

மறுநாள் ஃபிரெட்டி பெல்ஜியத்தில் மாண்ட்கோமரியின் முகாமுக்குத் திரும்பினார். அங்கே நடந்ததை ஃபிரெட்டியே பின்னால் எழுதியிருக்கிறார். உங்களை மாற்றப்போகிறார்கள் என்று நேராகச் சொன்னார். மாண்ட்கோமரி நம்பவில்லை. என் இடத்துக்கு யாரைப் போட முடியும் என்றார். அலெக்சாண்டரை என்றார் ஃபிரெட்டி. அதுவரை அந்த யோசனையே மாண்ட்கோமரிக்குத் தோன்றியிருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. நான் இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டார். ஃபிரெட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஐசன்ஹோவருக்குப் போக வேண்டிய கடிதத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்! என் கடிதம் உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள், நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நான் நூற்றுக்கு நூறு கட்டுப்படுகிறேன் என்று சாரம். அடியில், உங்கள்மேல் பற்றுள்ள கீழ்ப்பணியாளன் என்று கையெழுத்து. ஐசன்ஹோவரின் தந்தி போகவேயில்லை.

இதில் நீ கவனிக்க வேண்டியது அந்தச் சட்டைப் பைக் காகிதம். கர்வக்காரனிடம் போய் நீ செய்தது தப்பு என்று சொல்ல எத்தனையோ பேர் உண்டு. தப்பு என்று சொன்ன கையோடு, முகம் கெடாமல் வெளியே வரும் வழியையும் எழுதிக்கொண்டு போகிறவன் அபூர்வம். இன்னொன்றும் பார். ஃபிரெட்டி நடுவில் நின்றார் என்றால் வாய் மூடி நின்றார் என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் கசப்பானதைத்தான் சொன்னார். ஆனால் அங்கே கேட்டதை இங்கே ஏற்றிச் சொல்லவில்லை. இங்கே கேட்டதை அங்கே போய் வைக்கவில்லை. அதனால்தான் அவர் கேட்ட 24 மணி நேரத்தை நம்பிக் கொடுத்தார்கள்.

மாண்ட்கோமரி அதோடு திருந்திவிட்டாரா? ஒரு வாரம்தான். 1945 ஜனவரி 7-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி அமெரிக்கச் சிப்பாய்களை வாயாரப் புகழ்ந்தார். ஆனால் ஆர்டென் சண்டையின் கதையைச் சொன்ன தோரணையில், நான் வந்துதான் காப்பாற்றினேன் என்றே கேட்டது. ஏறத்தாழ 19,000 அமெரிக்கர்கள் செத்த சண்டை அது. பிராட்லியும் பேட்டனும், மாண்ட்கோமரிக்குக் கீழே போடுவதானால் நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். கடைசியில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது அமெரிக்கர்களின் போர், அவர்களின் வெற்றி என்று சொல்லித்தான் தணிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை நடத்தியிருக்கவே கூடாது என்று மாண்ட்கோமரியே பின்னால் எழுதினார்.

ஃபிரெட்டிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாய். 1946-ல் மாண்ட்கோமரி பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்சப் பதவிக்குப் போனார். தனக்கு அடுத்த இடம் உனக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தவர், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஃபிரெட்டி ராணுவத்தை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் தொழில் செய்யப் போனார். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நடுவில் நிற்கிறவனுக்குச் சிலை வைப்பதில்லை. பலன் கிடைக்கும் என்று எண்ணி அந்த இடத்தில் நிற்காதே; நின்றால் வேலை நடக்கும் என்பதற்காக நில். அதுவும் எத்தனை நாள் என்பதை நீயே முடிவு செய். ஆயுசு முழுக்க இன்னொருவர் கோபத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க உன்னை யாரும் பெற்றுப்போடவில்லை.

நாளைக்கு நீயும் ஒரு நாற்காலியில் உட்காருவாய். அப்போதைக்கு ஒன்று. நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்னால் ஐசன்ஹோவர் ஒரு சின்னத் தாளில் குறிப்பு எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். தரையிறக்கம் தோற்றது, படைகள் தம்மால் ஆனதையெல்லாம் செய்தன, பழி ஏதாவது இருந்தால் அது என்னுடையது மட்டும் என்று அறிவிப்பதற்கான குறிப்பு. எழுதிய பதற்றத்தில் ஜூன் என்பதற்கு ஜூலை என்று தேதி போட்டிருக்கிறார். படையெடுப்பு ஜெயித்தது, குறிப்பு தேவைப்படவில்லை. பெருமைக்கு பேட்டனும் மாண்ட்கோமரியும் பிராட்லியும் அடித்துக்கொண்டார்கள். பழிக்கு வரிசையில் நின்றது அவர் ஒருவர்தான். அவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை செய்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்று எனக்குத் தோன்றும்.

ஆகையால் உன் பெரியவர்களில் யார் பேட்டன், யார் மாண்ட்கோமரி என்று இனி எனக்கு எழுதாதே. இருவரிடமும் எது உருப்படியானது என்று பார். ஒருவர் சத்தம் போட்டாலும் முன்கூட்டியே யோசித்துவைக்கிறவராக இருக்கலாம். இன்னொருவர் இழுத்தடித்தாலும் ஆட்களைக் காக்கிறவராக இருக்கலாம். நீ யார் பக்கம் என்று அடுத்த தடவை கேட்டால் பதிலுக்கு வேலையைப் பற்றிப் பேசு. அதற்கு முன்னால் எனக்கு ஒன்று எழுது: இவர்கள் இருவரும் யார் முதலில் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், உங்கள் ஆலையில் ஜலசந்தியைத் தாண்டித் தப்பிப் போய்க்கொண்டிருப்பது எது? ஆர்டரா, நல்ல ஆட்களா, வாடிக்கையாளரின் நம்பிக்கையா? அதைத் தெரிந்துகொண்டால், சட்டைப் பையில் என்ன எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடு. கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: மாண்ட்கோமரி 1958-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் ஐசன்ஹோவரைக் குறை சொல்லி எழுதியதால் இருவருக்கும் இருந்த உறவே அறுந்துபோனது. அலுவலகச் சண்டையைப் பற்றி வாட்ஸ்அப்பில் எதையாவது எழுதி அனுப்பும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்.